அந்த வகுப்பில் படித்தவர்கள் எங்கே?



கிறிஸ்தவக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் வெளியிடும் மடல்களை உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள். எந்தக் கல்லூரியின் மடலானாலும் கடைசிப் பக்கங்கள் ஒரே சாயலில் இருக்கும். இன்ன ஆண்டில் படித்து முடித்தவர் இன்ன தேசத்தில் இன்ன பதவியில் இருக்கிறார், மகளுக்குத் திருமணம், மகனுக்கு மேற்படிப்பு, புது வீடு, பிறகு, நித்திரையடைந்தோரின் பெயர்கள். நம் சபைகளில் ஞாயிறுதோறும் சொல்லப்படும் சாட்சிகளும் வரவர இந்த மடலைப் போலாகிவிட்டன. விசா கிடைத்தது, பதவி உயர்வு வந்தது, ஃபிளாட்டுக்குச் சாவி கிடைத்தது. இவையெல்லாம் கர்த்தர் செய்த நன்மைகளே, துதிக்க வேண்டியவையே. ஆனால் இப்படிப்பட்ட செய்தி ஒன்றும் கைவசம் இல்லாதவர் மடலுக்கும் எழுதுவதில்லை, சபையிலும் எழுந்து நிற்பதில்லை.

மும்பைப் புறநகரிலிருந்து ஒரு தாயார் இம்மாதம் எழுதியுள்ளார். அவருடைய மகள், சபையின் பரிந்துரையில் இடம் பெற்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு மிஷன் மருத்துவமனையில் பணிபுரிவதாக ஒப்பந்தம். மகளோ, அதற்குப் பிறகும் பீகாரிலேயே தங்கிவிட விரும்புகிறாளாம். தகப்பனாருக்கு மனமில்லை. “மற்றப் பிள்ளைகள் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பரீட்சை எழுதுகிறார்கள். இவள் மட்டும் போய் மறைந்துவிடுவாளோ? முன்பு அங்கே படித்து இப்படிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதுங்கள்” என்பது கடிதத்தின் சாரம்.

நல்ல கேள்வி, சகோதரி. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். மாற்கு 10:45இலிருந்து தன் குறிக்கோளை எடுத்துக்கொண்ட கல்லூரி. அங்கே படித்த ஒரு தம்பதியரைப் பற்றி முதலில் எழுதுகிறேன். அவர்கள் உழைத்த இடம் உங்கள் மகாராஷ்டிரத்திலேயே இருக்கிறது.

ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே இருவரும் வேலூரில் மருத்துவம் பயின்றவர்கள். 1960இல் திருமணம் செய்துகொண்டபோதே, கிராமத்து ஏழைகளுக்காக வாழ்வதென்று உடன்படிக்கை செய்தார்கள். அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற்றார்கள், அங்கேயே தங்கியிருக்கலாம். 1970இல் திரும்பி வந்து, அன்றைய அகமத்நகர் மாவட்டத்தின் வறண்ட மூலையிலுள்ள ஜாம்கேட் என்னும் ஊரைத் தெரிந்துகொண்டார்கள். (அம்மாவட்டம் இன்று அகில்யாநகர் எனப்படுகிறது.)

பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களில் தங்கவைக்க அவர்கள் முதலில் முயன்றார்கள். அது பலிக்கவில்லை. ஆகவே அந்தந்தக் கிராமத்துப் பெண்களிலேயே ஒருவரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து கற்றுக்கொண்டு, தங்கள் ஊருக்குத் திரும்பிக் கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள்; பிரசவம் பார்த்தார்கள்; வயிற்றுப்போக்கால் துவளும் குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தாய்மாருக்குக் கற்பித்தார்கள்; காசநோயையும் தொழுநோயையும் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டார்கள். 1971இல் அப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. கால் நூற்றாண்டுக்குள் அந்த எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே இறங்கியது. பெரிய இயந்திரங்களால் நடந்ததல்ல இது.

1970களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தில் கொடிய பஞ்சம் உண்டானது. அப்போது ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. ஆரோளே தம்பதியர் அவற்றைத் தலித் மக்களின் குடியிருப்புகளிலேயே அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மேல்சாதியாரும் குடத்தோடு அங்கே வந்து நிற்க வேண்டியதாயிற்று. யோவான் நான்காம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1979இல் இருவருக்கும் மகசேசே விருது வழங்கப்பட்டது. மேபெல் 1999இலும், ரஜனிகாந்த் 2011இலும் காலமானார்கள். விருது கிடைத்ததால் இப்போது அவர்களை எல்லாரும் அறிவார்கள். ஆனால் 1971இல் பழைய மாணவர் மடலுக்கு அவர்கள் என்ன எழுதியிருக்க முடியும்? “செவிலியர் கிராமத்தில் தங்க மறுக்கிறார்கள், மழை இல்லை” என்பதைத்தானே?

இன்னொருவர், மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்து வேலூரில் பயின்ற இளம் மருத்துவர். 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு சேதமுற்றது. அதன்பின் அவர் நடக்கவேயில்லை. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் அதற்கென்று தனி நிலையமே உருவானது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

சுகம் பெற்றவர்களின் சாட்சியையே கேட்டுப் பழகிய நமக்கு இது சற்றுக் கடினமான சாட்சி. மருந்தையே தொடாத மூத்த விசுவாசிகள் நம் நடுவே உண்டு. அவர்களுடைய விசுவாசத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் மேரி அம்மையாரின் கால்கள் சுகமாகவில்லை. அவர் கைகளால் எத்தனையோ பேருடைய விரல்கள் மறுபடியும் சோற்றைப் பிசைந்தன. இதையும் கர்த்தர் செய்ததென்று நம் சபைகளில் எழுந்து சொல்ல இடம் இருக்க வேண்டும்.

அயல்நாடு சென்றவர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் அனுப்பும் காணிக்கை இங்கே எத்தனையோ மிஷன் மருத்துவமனைகளில் கட்டிடமாகவும் கருவியாகவும் நிற்கிறது. மறைந்துபோவது பற்றிய உங்கள் பயத்துக்கு மட்டுமே பதில் சொல்கிறேன்.

இனி, சகோதரி, நடைமுறைக்கு வருவோம். பீகார் என்றதும் அவள் காட்டில் தனியாக நிற்பாள் என்று எண்ண வேண்டாம். வட இந்தியாவின் மிஷன் மருத்துவமனைகள் பல, 1970இல் உருவான இம்மானுவேல் ஹாஸ்பிட்டல் அசோசியேஷனில் இணைந்திருக்கின்றன. நேபாள எல்லையில் ரக்சௌலில் இருக்கும் டங்கன் மருத்துவமனை 1930 முதல் நடக்கிறது. மகள் எந்த மருத்துவமனையைத் தெரிந்துகொண்டாலும், தகப்பனாரை அழைத்துக்கொண்டு நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவளுக்குக் கற்றுக்கொடுக்க மூத்த மருத்துவர் இருக்கிறாரா, இரவுப் பணி எப்படி, தங்குமிடம் பத்திரமா, சம்பளம் மாதந்தோறும் தவறாமல் வருகிறதா, ஆண்டில் எத்தனை நாள் விடுப்பு என்று கேளுங்கள். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இவற்றைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது. அங்கே பல ஆண்டுகளாக இருக்கும் ஒரு மருத்துவக் குடும்பத்தோடு ஒருவேளை உணவருந்தி, அவர்கள் பிள்ளைகளை எங்கே படிக்கவைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதன்பின் தகப்பனார் முடிவு சொல்லட்டும். ஜனவரியில் போவதானால் கம்பளி ஆடைகளை மறக்க வேண்டாம்; வட பீகாரின் குளிரை மும்பைவாசிகள் அறியமாட்டார்கள்.