பெட்டியில் அச்சிட்ட வேகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேசைக் கணினியின் பழைய ஹார்டு டிஸ்க்கை நீக்கி எஸ்எஸ்டி பொருத்திக்கொள்ளும் வழக்கம் எங்கள் நெய்வேலி நகரியத்திலும் பெருகிவரும் இக்காலத்தில், பெட்டியின்மேல் அச்சிட்ட வேகத்தையே பிரமாணமாகக் கொண்டு பணம் செலவிடும் அன்பர்களின் பொருட்டு இதனை எழுதுகிறேன்.

எஸ்எஸ்டிகளில் சாட்டா வகை விநாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டைக் கடப்பதில்லை. என்விஎம்இ வகையோ மூன்றாம் தலைமுறையில் 3,500, நான்காம் தலைமுறையில் 7,000 வரை எட்டும். ஆயினும், எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் எவ்வளவு வெட்டினாலும் கன்வேயர் பெல்ட் சுமக்கும் அளவே அனல்மின் நிலையம் போய்ச் சேருவதுபோல, நான்காம் தலைமுறைச் சாதனத்தை மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் செருகினால் பழைய வேகமே சித்திக்கும். வடிவத்தை மட்டும் கண்டு என்விஎம்இ என்று நம்பிவிடவும் கூடாது: விரல் நீளமுள்ள எம்.2 பலகைகளிலும் சாட்டா வகை உண்டு; அதன் முனையில் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்விஎம்இக்குப் பெரும்பாலும் ஒன்றே.

மலிவான க்யூஎல்சி ரகங்களோ, பெரிய கோப்பை நகலெடுக்கையில் கேச் எனும் தற்காலிகச் சேமிப்பு நிரம்பும்வரை அதிவேகமாகப் பாய்ந்து, அதன்பின் சில சமயம் ஹார்டு டிஸ்க்கினும் தாழ்ந்துவிடுகின்றன. விண்டோஸ் துவங்கும் நேரத்தில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் உள்ள பேதம் சாமானியர் கண்ணுக்குப் புலப்படுவதே அபூர்வம். என்விஎம்இயின் கூடுதல் வேகம் வீடியோ தொகுப்பவர் போன்றோருக்கே பிரயோஜனம்.

உச்ச வேகத்தோடு, கேச் தீர்ந்தபின் நிலைக்கும் எழுதுவேகத்தையும் பெட்டியிலேயே அச்சிடுமாறு உற்பத்தியாளர்களைத் தங்கள் பத்திரிகை வற்புறுத்த வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
நெய்வேலி