இல்லமே பள்ளி: குப்பைக் கூடையில் ஓர் அச்சகம்

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்து மடல்களைக் கடையில் வாங்குகிறோம். இப்பொழுது அதுவுமின்றிக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடுகிறோம். இவ்வாண்டு நம் வீட்டுச் சிறாரே அவற்றை அச்சிடட்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் இயலும் வேலை இது. வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் குப்பைக்குப் போகவிருப்பவையே.

மைதா மாவில் காய்ச்சிய பசையுடன் வண்ணப்பொடியைக் குழைத்துக்கொள்க. ஈரமான பழந்துணியை நாலாக மடித்துத் தட்டில் இட்டு, அதன்மேல் அதைத் தடவுக. வெண்டைக்காயின் காம்புப் பக்கத் துண்டை அதில் ஒற்றித் தாளில் பதித்தால் பூ மலரும். உருளைக்கிழங்கைச் செதுக்கச் சொல்லும் நூல்கள் உண்டு. உண்ணும் பொருளை விளையாட்டுக்கு வெட்டுவதை நாம் விரும்புவதில்லை. தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் விண்மீன் வெட்டலாம். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே நெளிவரிகள் தெரியும். அதைக் கூரை வடிவில் கத்தரித்து அச்சிட்டுப் பாருங்கள்: மாட்டுக்குடிலின் வைக்கோற் கூரை அப்படியே வந்து விழும்!

பிள்ளை ஓர் எழுத்தையும் வெட்டக் கேட்கும். 'அ' என்று வெட்டி அச்சிட்டால் அது இடவலம் மாறி நிற்கும். முன்கூட்டிச் சொல்லிச் சுவையைக் கெடுக்க வேண்டாம். ஏன் திரும்பிற்று என்பதைக் கண்ணாடியின் முன் பிடித்து அதுவே ஆராயட்டும். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல் தமிழெழுத்தில் அச்சேறிற்று. அதற்கு எழுத்து வார்த்தவர்களும் இதே புதிரை அவிழ்க்க வேண்டியிருந்தது என்று பின்னர்ச் சொன்னால் பிள்ளை மறவாது.

இனிப் பெற்றோருக்கு ஒரு சொல். மை அப்பிற்று, விண்மீன் கோணிற்று என்று நம் கை குறுக்கே நீள்கிறது. மறைக்கல்விக் கண்காட்சிகளில் தாயின் கைவண்ணமே பரிசு பெறுவதை நாம் கண்டதுண்டு! 'எனக்கு வரைய வராது' என்று ஒதுங்கும் பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு. தூரிகை பிடிக்கத் தயங்கும் கையும் ஒற்றி எடுக்க அறியும். முதற்படி தவறினாலும் பத்தாம் படி தேறும். அப்பத்துப் படிகள் வரை நாம் பொறுத்திருக்க வேண்டும். மை அப்பிய மடலையும் உறையிலிட்டுப் பாட்டிக்கு அனுப்புங்கள். அஞ்சல் சேர நாளாகும். ஆதலால் திருவருகைக் காலத்தின் முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நலம்.