அழிப்பதற்கு முன்

கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளமே பெரிதும் பயன்படுகிறது. 2001ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தனிப் பதிப்பொன்றை அது பள்ளிகளுக்கு வழங்குகிறது. சக்குபள்ளம் போன்ற ஏலமலை ஊர்களின் வீடுகளிலும் லினக்ஸ் கணினிகள் இருக்கலாம்.

அத்தகைய கணினி ஒருநாள் எழாவிடில், "அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவுக" என்பர் பலர். பள்ளி ஆய்வகத்திற்கு அது விரைவான வழியே. வீட்டுக் கணினிக்கோ அது தீங்கு. தேனியில் வாழும் பாட்டி பாடிய தாலாட்டின் ஒரே பதிவு அதனுள் இருக்கக்கூடுமன்றோ?

இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரலுக்குக் 'கிரப்' என்பது பெயர். பின்னர் விண்டோஸ் நிறுவினால் அது செயலிழப்பதுண்டு. கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சாவி தொலைந்தமைக்காக வீட்டை இடிப்பாருண்டோ? புதுப்பித்தலுக்குப் பின் பழுது நேர்ந்ததாயின், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து பார்க்கலாம். அதுவும் பயனளிக்காவிடில், லினக்ஸ் பதிந்த பென்டிரைவைக் கொண்டு கணினியை இயக்கி, முதற்கண் கோப்புகளை வேறோரிடத்தில் பிரதியெடுத்தல் வேண்டும். கிரப்பை மீண்டும் பதிப்பது அதன் பின்னரே. மின்தடையால் கோப்பமைப்பு சிதைந்திருந்தால் 'எஃப்எஸ்சிகே' என்னும் ஆணை அதனைச் சீர்செய்யும். வன்தட்டிலிருந்து கடகடவென்னும் ஒலி எழுமாயின் எந்த ஆணையும் பயன்படாது. இயன்ற கோப்புகளை மீட்டுக்கொண்டு தட்டையே மாற்றுதல் வேண்டும்.