வயிற்றுக்குள் ஊதும் வாயு

பித்தப்பைக் கல்லுக்கும் குடல்வால் நோய்க்கும் இப்பொழுதெல்லாம் பெரும்பாலும் வயிற்றை நீளக் கிழிப்பதில்லை. சிறு துளைகள் இட்டு, குழாய் நுழைத்து, உள்ளே நடப்பதைத் திரையில் பார்த்தே வைத்தியர்கள் வேலையை முடித்துவிடுகின்றனர். லாப்ராஸ்கோப்பி என்னும் இம்முறையால் வலி குறைவு. வீடு திரும்புவதும் விரைவு. ஆயினும், "துளைதானே!" என்று இதனை எளிதாகப் பேசும் வழக்கம் நம்மவரிடையே பரவியிருப்பது நமக்கு உவப்பாக இல்லை. அத்துளையின் வழியே உட்செல்லும் வாயுவைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணினோம்.

வயிறு காலிப் பெட்டியன்று. குடலும் ஈரலும் நெருங்கிக் கிடக்கும் இடம். கருவி அசையவும் கண் காணவும் வேண்டுமாயின் வயிற்றுச் சுவரை மேலே தூக்கியாக வேண்டும். அதற்காகவே வாயுவை ஊதுகின்றனர். ஜெர்மானியரான கெல்லிங் 1901-இல் ஒரு நாயின் வயிற்றில் வடிகட்டிய காற்றைச் செலுத்திப் பார்த்தார். 1924-இல் ஸ்விட்ஸர்லாந்து வைத்தியர் ஸோலிக்கோபர், கரியமில வாயுவே தக்கது என்றார். நம் நாட்டில் டாக்டர் உட்வாடியா 1990-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் இம்முறையால் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார்.

மூச்சில் நாம் வெளியே தள்ளும் கழிவையா உள்ளே ஊதுவது என்று கேட்கத் தோன்றும். காரணம் உண்டு. இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரச் சூடு வைக்கும்பொழுது, பிராண வாயு நிறைந்திருந்தால் தீப்பற்றும். கரியமில வாயுவோ எரியாது, எரிவதற்குத் துணையும் செய்யாது. இரத்தத்தில் அது எளிதில் கரையும். தவறிச் சிறிதளவு ஓர் இரத்தக் குழாயினுள் புகுந்தாலும், காற்றைப்போல் குமிழாக நின்று வழியடைக்காமல் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறிவிடும். பேரளவில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. அது மிக அரிது.

அந்தக் கரையும் குணமே தொல்லைக்கும் வித்தாகிறது. ஊதிய வாயுவில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்துகொண்டேயிருக்கும். இரத்தத்தின் அமிலத்தன்மை கூடும். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் சுவாசக் கருவியின் வேகத்தை உயர்த்தி அதனை வெளியேற்றுகிறார். நல்ல நுரையீரலுக்கு இது பெரிதன்று. வாயுவின் அழுத்தம் வேறு இருக்கிறது. பாதரச அளவில் 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை வைப்பது வழக்கம். அது உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் அடிப்பகுதியை நெருக்கும். கால்களிலிருந்து திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும். இருதயத்தின் சுமையைக் கூட்டும். ஊதத் தொடங்கும் கணத்தில் நாடித்துடிப்பு திடீரெனத் தளர்வதும் உண்டு. உடனே வாயுவை வெளியே விட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

ஆகையால் மார்புச்சளியோ இருதய நோயோ உள்ளவருக்கு இச்சிகிச்சை கூடாது என்பதில்லை. அழுத்தத்தைக் குறைக்கலாம், மெல்ல ஊதலாம், தேவையெனில் பழைய முறைக்கே திரும்பலாம். ஆனால் மயக்க வைத்தியருக்குச் செய்தி முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இடையூறு இங்கேதான். ஊரிலிருந்து தந்தையார் வருகிறார். வைத்தியர் இந்தியில் கேட்க, மகன் மொழிபெயர்க்கிறான். "இளைப்பு உண்டு" என்கிறார் பெரியவர். சிறுவயதிலேயே ஊரை விட்டு வந்த மகனோ, உடம்பு இளைத்துவிட்டதாகப் பொருள் கொண்டு அப்படியே சொல்லிவிடுகிறான். மூச்சிரைப்பு என்ற செய்தி உரிய செவியை எட்டுவதே இல்லை. "நெஞ்சு கரிக்கிறது" என்பது நெஞ்சுவலியாக மாறுவதும் இப்படியே. மருமகள் எதிரில் பீடிப் பழக்கத்தைச் சொல்லக் கூசும் பெரியவர்களும் உளர். எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலையணையை உயர்த்தினால்தான் உறக்கம் வருகிறதா, எந்த மாத்திரை எத்தனை ஆண்டாக உட்கொள்கிறார் என்று வீட்டிலேயே தனியாகக் கேட்டு எழுதிக் கொண்டுபோவது நலம். மாத்திரை அட்டைகளையும் பழைய இருதயப் படங்களையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

சிகிச்சைக்குப் பின் தோள்பட்டை வலித்தால் பலர் கலங்குகின்றனர். வயிற்றில் எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்குரிய நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால் வலி தோளில் தோன்றுகிறது. இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தணியும், மெல்ல நடமாடலாம். ஆனால் மூச்சுத் திணறல், வியர்வை, மார்பில் பாரம், நாளுக்கு நாள் ஏறும் வயிற்று வலி, காய்ச்சல் ஆகியவற்றுள் எது கண்டாலும், "வாயுதான், போய்விடும்" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நள்ளிரவில் யாரை அழைப்பது, எந்த எண்ணில் அழைப்பது என்பதை வீட்டுக்கு அனுப்பும் அன்றே கேட்டு, அவர்கள் தரும் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.