புள்ளியை விழுங்கும் பின்னணி

சென்ற மாதம் ஹைதராபாத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் என் மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைத்தேன். முகப்புத்திரையின் பின்னணிப் படம் அரை மணிக்கு ஒருமுறை தானாக மாறும்படி வைத்திருந்தேன். அந்நேரம் பார்த்துப் பனிமலை ஒன்று வந்து அமர்ந்தது. 'கல்வி' என்று நான் பெயரிட்டிருந்த கோப்புறையின் புள்ளி அவ்வெண்மையில் கரைந்துவிட, முன்வரிசையில் இருந்த தமிழறிந்த பேராசிரியர் அதைக் 'கலவி' என்று உரக்கப் படித்தார். நானும் சிரித்துத்தான் சமாளித்தேன். எனினும் பிழை அவருடைய கண்களில் இல்லை.

மாறும் பின்னணியின்மீது எழுத்தைக் காட்டுவதற்குக் கணினியுலகம் நெடுங்காலமாகக் கையாளும் வழி நிழல். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே படவுருப் பெயர்களுக்கு நிழலிடும் வசதி இருந்தது. இருண்ட படத்தின்மேல் வெள்ளெழுத்து தன் உடலால் தெரியும். வெளிறிய படத்தின்மேல் தன் நிழலால் தெரியும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் அந்நிழல் மங்கலாகப் பரவுவது; சிறிய அளவில் எழுத்துக்கும் அதன் தலைமேலுள்ள புள்ளிக்கும் இடைப்பட்ட வெளியையும் நிரப்பிவிடுகிறது. ஆங்கில 'ஐ' எழுத்து தன் புள்ளியை இழந்தாலும் அதே எழுத்தாகவே படிக்கப்படும். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஓலைச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லையே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். உண்மை. அங்கே முன்பின் சொற்கள் துணைநின்றன. கோப்புறையின் பெயரோ துணையற்ற தனிச்சொல்.

இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்னும் ஒளிர்வு வேறுபாட்டைக் கோருகின்றன. பெரிய எழுத்தாயின் 3:1 போதும். பெரிய எழுத்து எது? 18 புள்ளி அளவு, அல்லது தடித்த எழுத்தாயின் 14. சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்களுக்கு இதற்கு நிகரான அளவைக் கொள்ளலாம் என்று வரையறை தனியே குறிப்பிடுகிறது. இந்திய எழுத்துமுறைகளைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அதைச் சுட்டிக்காட்ட வேண்டியவர்கள் பொறியாளர்களைக் காட்டிலும் மொழியியல் துறையினராகிய நாம்தாம் என்பது என் எண்ணம்.

பின்னணிக்கேற்ப எழுத்தின் நிறத்தையே மாற்றும் வழியும் உண்டு. 2020இல் வந்த மேக் ஓஎஸ் பிக் சர், மேற்பட்டை எழுத்தைக் கருமையாகவோ வெண்மையாகவோ மாற்றிக்கொள்கிறது. ஆனால் ஒளியும் இருளும் கலந்த படத்தில், ஒரு வரியின் முற்பாதிக்கு ஏற்ற நிறம் பிற்பாதிக்கு ஏற்காது. 2025இல் ஆப்பிள் கொண்டுவந்த கண்ணாடித் தோற்றத்தைப் பற்றியும் படிக்க இயலவில்லை என்ற குறை எழுந்தது; சில மாதங்களில் ஐஓஎஸ் 26.1இல் அத்தோற்றத்தின் ஒளி ஊடுருவலைக் குறைக்கும் தெரிவைச் சேர்த்தார்கள்.

எழுத்துக்கு அடியில் ஒளிபுகாத பட்டை ஒன்று வேண்டும் என்பதே என் வாதம். படத்தின் அழகு கெடும் என்பார்கள், கெடட்டும். நம் ஊர்களில் சுவர் விளம்பரம் எழுதுவோர், சுவர் எந்நிறத்தில் இருப்பினும், முதலில் வெள்ளையடித்துவிட்டே எழுத்தைத் தொடங்குகிறார்கள். தமிழ் இடைமுகத்தை வடிவமைப்போர் எவரேனும் பனிமலை ஒன்றின்மேல் 'கல்வி' என்று எழுதிச் சோதித்திருப்பார்களா?

இப்போதைக்கு என் திரைக்கு வெறும் கருநீலம். பனிமலையைச் சுவர் நாட்காட்டியில் பார்த்துக்கொள்கிறேன்.