பட்டா நிலம்னா என்ன சார்?

ஒரு தகர ஷெட்டு. பத்துக்குப் பதினஞ்சு அடி. அதுவும் என் காம்பவுண்டுக்குள்ளே. செகண்ட் ஹாண்ட்ல வாங்கின கார் வெயில்ல வேகுதேன்னு போட்டேன். வெல்டிங் சூடு ஆறல, பஞ்சாயத்து ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்துட்டார்.

"செட்பேக்ல போட்டிருக்கீங்களே சார், பிளான்ல இது இல்லையே?"

"என் பட்டா நிலம்தானேங்க?"

"பட்டா நிலம்னா என்ன சார்? ரூல்ஸ் ரூல்ஸ்தானே?"

நியாயம். எவ்வளவு இடம் விடணும், எத்தனை வண்டிக்கு இடம் காட்டணும்னு 2019 கட்டட விதிகள்ல கணக்கே இருக்கு. தப்பு என் பேர்லதான். பிரிச்சுட்டேன்.

சரி, இப்ப எதிர்வீட்டைப் பாருங்க. பிளான்ல தரைத்தளம் முழுக்க பார்க்கிங். நிஜத்துல? முன்னாடி மெஸ், பின்னாடி ஷிப்டுக்குப் போற பசங்களுக்கு ரூம். அவங்க பைக்கெல்லாம் என் கேட்டு முன்னாடி. பசங்களைச் சொல்லி என்ன பண்ண? வேற எங்க நிறுத்துவாங்க?

யாராவது வந்து பார்த்தாங்களான்னு கேக்கறீங்களா? எதுக்கு வரணும்? சின்னக் குடியிருப்புக்கெல்லாம் கட்டட முடிவுச் சான்றே வேண்டாம். 2024 ஜூலையிலேர்ந்து, 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3,500 சதுர அடிக்குள்ள வீடுன்னா சுயசான்று போதும், ஆன்லைன்லயே உடனடி அனுமதி. நல்ல திட்டம்தான், அலைச்சல் மிச்சம். ஆனா பேப்பர்ல நிறுத்தின காரை யார் போய் எண்ணுறது?

அதையாவது பொறுத்துக்கலாம். என் வீட்டுக்குப் பக்கத்து மனை இருக்கே! ஒரு காலத்துல வேர்க்கடலை போட்ட பூமி. இப்ப ட்ரெய்லர் நிக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரிவர்ஸ் எடுக்கற பீப் சத்தம், ஜன்னலைத் திறந்தா டீசல் புகை. வண்டிக்கு இவ்வளவுன்னு வசூல் வேற. அதே பஞ்சாயத்து ஆள்கிட்டயே போய்ச் சொன்னேன்.

"அது தனியார் பட்டா நிலம் சார். நாங்க எப்படிக் கேக்க முடியும்?"

அதே வாய்!

ஆத்திரத்துல சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துல தனியார் வண்டிப்பேட்டைன்னு ஒண்ணு வருது. சொந்த நிலமாவே இருந்தாலும் ஊராட்சி லைசென்ஸ் இல்லாம பேட்டை நடத்தக் கூடாது. மாட்டுவண்டிக் காலத்து வார்த்தைன்னு சிரிக்காதீங்க, மோட்டார் வண்டியும் அதுல அடக்கம். ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போய் நீட்டினேன்.

"இதெல்லாம் யாரு சார் இப்ப பாக்கறாங்க? ஸ்டேஷன்ல சொல்லுங்க."

ஸ்டேஷன்ல? "ரோட்டுல நின்னா நாங்க பாப்போம். உள்ளதானே நிக்குது? பஞ்சாயத்துல கேளுங்க."

அப்போ என் கேட்டு முன்னாடி ரோட்டுல நிக்கற பைக்? "அதுக்குப் பஞ்சாயத்துதான் நோ பார்க்கிங் போர்டு வைக்கணும் சார்." வண்டி எங்க நிக்கலாம்னு உள்ளாட்சியைக் கலந்துக்கிட்டு முடிவு பண்ணலாம்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. எங்க தெருவுக்காக யாரும் யாரையும் கலந்த மாதிரி தெரியல.

எங்க பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து சான்ட்ரோ கார் வெளிய வந்தது 1998-ல. 2010-லேர்ந்து ஒரகடத்துலயும் கார் செய்யறோம். செஞ்சதை நிறுத்தணுமேன்னு மட்டும் இன்னும் ஒருத்தருக்கும் தோணல. அதிகாரம் இல்லாம இல்லைங்க. பத்தடி ஷெட்டுன்னா நடந்தே வருது, பத்து ட்ரெய்லர்னா அதுக்குக் கால் வலிக்குது. அவ்வளவுதான்.

என் கார் இப்ப எங்கன்னு கேக்கறீங்களா? பேட்டைக்காரர் தங்கமான மனுஷன். "தெருவுல ஏன் சார் விடறீங்க? மாசம் ஆயிரம் குடுங்க, உள்ள நிறுத்திக்கங்க"ன்னார். ரசீது கேட்டேன். சிரிச்சார். நானும் சிரிச்சுட்டுக் கொடுத்துட்டேன்.

ஒண்ணு சொல்லணும். கார் மேல இப்ப வெயிலே படறதில்ல. உள்ள பெருசா தகர ஷெட்டு போட்டிருக்கார்.