பத்து கிலோமீட்டர் சுற்றுலா

சென்ற தை மாதம் நானும் என் மனைவியும் மூன்று நாள் சுற்றுலா போய் வந்தோம். எங்கே என்று கேட்டவர்களிடம் "புதுச்சேரிக்கு" என்றேன். ஒதியம்பட்டில் சிரிக்காதவர்கள் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து பெரிய மார்க்கெட் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான். "ஏங்க, பஸ்ல போனா அரை மணி நேரம். அதுக்குப் போய் யாராவது ரூம் போடுவாங்களா?" என்று என் மனைவியே கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் கல்யாணமாகி நாற்பத்தேழு வருஷத்தில் அவள் டவுனுக்குப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு, நகைக் கடைக்கு, தீபாவளித் துணி எடுக்க. ஒரு தெருவில் நிதானமாக நடந்து ஒரு வீட்டுத் திண்ணையைப் பார்த்ததில்லை. இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்கிறார் டாக்டர். அதற்கு முன், முடிந்தவரை ஒரு தடவை நடந்து பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

இதை எழுதக் காரணம், நம் வயதுக்காரர்கள் ஊர் சுற்றும் முறையே தப்பு என்று எனக்குப் படுகிறது. சர்வீஸில் இருந்தபோது எல்.டி.சி. கிடைத்தால் போதும், ஐந்து நாளில் பதினெட்டுக் கோயில். இறங்கு, கும்பிடு, ஏறு. ஆபீஸில் தபால் பதிவேட்டில் டிக் போடுவதுபோல ஊர்களுக்கு டிக் போட்டு வந்தோம். அந்தப் பயணங்களில் என் மனைவிக்கு இன்றும் நினைவிருப்பது என்ன தெரியுமா? கும்பகோணத்தில் பஸ் ரிப்பேராகி இரண்டு மணி நேரம் நின்றபோது, ஒரு சின்ன ஓட்டலில் இட்லிக்கு ஊற்றிய கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்டது. அந்தக் கடை பெஞ்சும், பக்கத்துத் தெருப் பாத்திரக் கடைகளின் சத்தமும் அவளுக்கு இன்னும் நினைவிருக்கின்றன. பதினெட்டுக் கோயிலில் எது எந்த ஊர் என்பதில் எங்கள் இருவருக்குமே குழப்பம். சாமி மன்னிக்கட்டும்.

ஆகவே என் கட்சி இதுதான். ஒரே ஊரைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் இரண்டு மூன்று தெருக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே தங்கி, காலால் நடந்து, அந்தத் தெருக்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள்.

"புதுச்சேரிக்குச் சனி ஞாயிறு வருகிற இளைஞர்கள் சாப்பிடவும் குடிக்கவும்தானே வருகிறார்கள், அதுவும் சரியா?" என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

இராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. நம் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, விலக்கு கிடையாது. எல்லை தாண்டி வந்து குடித்துப் போகும் பழக்கம் அப்படி வளர்ந்தது. பிறகு தமிழ்நாட்டில் சட்டம் மாறி மாறி வந்தாலும் நம் ஊருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. என் தம்பி டவுனில் ஒரு லாட்ஜில் வேலை செய்தான். ரூமுக்கு வருகிறவர்கள் பெட்டியை வைத்ததும் முதலில் அவனைத்தான் கடைக்கு அனுப்புவார்கள். மீதியிருப்பதை "நீ வச்சுக்கப்பா" என்று அன்பாகவே கொடுப்பார்கள். சனிக்கிழமைப் பழக்கம் தினப் பழக்கமாயிற்று. "இன்னிக்கோட சரிண்ணே" என்று என்னிடம் எத்தனையோ முறை சொன்னான். நாற்பத்தொரு வயதில் போய்விட்டான். வந்தவர்கள் யாருக்கும் அது தெரியாது. அவர்கள் கடலைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை என்று அவன் சொல்லிச் சிரிப்பான்.

ஆகவே குடிப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போவதை என்னால் சுற்றுலா என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருவனின் அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் மேஜையில் வைன் இருக்கும். பாட்டி எதிரில் உட்கார்ந்திருப்பார், பெரியவர் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிப்பார், மூடி வைத்துவிடுவார். அது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே சாப்பாடு முதலில், மனிதர்கள் முதலில். லாட்ஜ் ரூமில் பாட்டிலைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதல் நாள் விடியற்காலையில் கடற்கரைச் சாலை. எங்கள் வாத்தியார்கள் அதைக் கூர் ஷப்ரோல் என்பார்கள். அந்நேரம் வண்டி விடுவதில்லை, முட்டி வலிக்காரர்கள் பயமில்லாமல் நடக்கலாம். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கும் மஞ்சள் சுவர்த் தெருக்களில் மெல்ல நடந்தோம். ஒரு பேக்கரியில் நீள ரொட்டி வாங்கி, காபியில் தொட்டுச் சாப்பிட்டோம். "நம்ம பன்னு இதைவிட மெத்துன்னு இருக்கும்" என்றாள். அதற்கு மேல் நான் பிரெஞ்சுப் பெருமை பேசவில்லை.

இரண்டாம் நாள் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே. பெரும்பாலான பயணிகள் தாண்டாத கோடு அது. வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகள் இருக்கின்றன. தெருவை ஒட்டித் தாழ்வாரம், வழிப்போக்கன் உட்காரத் திண்ணை, உள்ளே முற்றம். பிரெஞ்சுக்காரர் வீடு மதில் எழுப்பி உள்ளுக்குள் தோட்டம் வைக்கும்; நம் வீடு தெருவுக்கே இடம் கொடுக்கும். துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷாக இருந்து, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டில் இரண்டு பாணியும் உண்டு. கீழே மரத்தூண்கள், மேல் மாடியில் பிரெஞ்சுத் தூண்கள்.

பிறகு பெரிய மார்க்கெட். மீன்காரம்மாக்களோடு என் மனைவி பேரம் பேசினாள், வாங்குவதற்கல்ல, பழக்க தோஷம். மளிகைக் கடை ஒன்றில் தாளிப்பு வடகத்தைப் பார்த்தாள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைக்கும் அதே உருண்டை. இதே வடகம்தான் பிரான்சில் 'வதுவான்' என்ற பெயரில் மசாலாப் பொடியாக விற்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. மகள் வயிற்றுப் பேத்திக்குப் போன் போட்டு விசாரித்த பிறகுதான் நம்பினாள்.

மூன்றாம் நாள் தெற்கே, காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பள்ளியில் சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் நதிகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். சங்கராபரணி எங்கள் ஊர்ப் பக்கத்தில், திருக்காஞ்சியில் ஓடுகிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வரி சொல்லித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. அந்தப் பள்ளியில் படித்து, இந்த டவுனிலேயே முப்பத்தாறு வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன், எழுபது தாண்டித்தான் முல்லா வீதிக்குள் கால் வைத்தேன். ஒரு டீக்கடைக்காரர் என் மனைவி நிற்க முடியாமல் நிற்பதைப் பார்த்து, "உக்காருங்கம்மா" என்று உள்ளிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். சமோசாவும் டீயுமாக ஒரு மணி நேரம் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று நாளில் அதுதான் எனக்குப் பெரிய காட்சி.

வெளியூர் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுச்சேரிக்கு வந்தால் வாய்க்காலைத் தாண்டுங்கள். நேரமிருந்தால் இன்னும் மேற்கே வில்லியனூருக்கும் வாருங்கள். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த திருக்காமீசுவரர் தேரை இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். மாதா கோயிலும் குளமும் இருக்கின்றன, சுடுமண் பொம்மை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பசித்தால் யாரையாவது கேளுங்கள், நல்ல சாப்பாட்டுக்கு வழி சொல்வார்கள். லாட்ஜ் பையனைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள். "ஆபரேஷன் முடிஞ்சு நடக்க ஆரம்பிச்சதும் கும்பகோணம் போலாமா? அந்த ஓட்டல் இருக்குதான்னு பாக்கணும்."

"கோயில்?" என்றேன்.

"நடந்து போற தூரத்துல எது இருக்கோ, அது" என்றாள்.